தொலைமருத்துவ அறை: நன்கொடை முடிந்த பிறகு?

கேள்வி: ஐயா, நான் ஒரு தனியார் வைத்தியசாலையில் தாதி உதவியாளராக இருந்தவள். கொக்கட்டிச்சோலையில், எங்கள் வீட்டு முன்னறையில், வீடியோ வழியாக டொக்டரோடு பேசும் சேவை ஒன்று தொடங்க விருப்பம். ஒரு தொண்டு நிறுவனம் ஒரு வருடச் செலவைத் தருகிறது. அதற்குப் பிறகும் நடத்த, ஆளுக்கு எவ்வளவு வாங்கலாம்?
— வாசகி, கொக்கட்டிச்சோலை

பதில்: தங்கச்சி, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கினால் தாக்குப்பிடிக்க மாட்டீர்கள். அரச ஆஸ்பத்திரியில் டொக்டரும் மருந்தும் இலவசம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்திருக்கும் பாடும் இல்லை. காய்ச்சல், இருமலுக்கு உங்களிடம் காசு கொடுத்து யார் வருவார்கள்?

வரக்கூடியவர்கள் சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள முதியவர்கள். ஒரு கிளினிக்குக்கும் அடுத்த கிளினிக்குக்கும் இடையில் அவர்களைக் கவனிக்க ஆள் இல்லை. வாரம் ஒரு தடவை அளந்து கொப்பியில் எழுதுங்கள், கூடிக் குறைந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். அந்தக் கவனிப்புக்குத்தான் மாதச் சந்தா.

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் சம்பளம் 35,000 ரூபாய். வாரம் இரண்டு மாலை டொக்டர் இருக்க, ஒரு மாலைக்கு 5,000 என்றால் மாதம் 40,000. கரண்ட், இன்டர்நெட் 10,000. மொத்தம் 85,000. குடும்பத்துக்கு 600 வீதம் 150 குடும்பம் சேர்ந்தால் 90,000 வரும். வேளாண்மைக் குடும்பங்களிடம் மாதாமாதம் கேட்காதீர்கள். பெரும்போகமும் சிறுபோகமும் வெட்டியதும் ஆறு மாதத்தை ஒன்றாக வாங்குங்கள். கட்டாரில், லண்டனில் பிள்ளைகள் இருந்தால் அவர்களே கட்டுவார்கள். ஆனால் காசு கட்டுகிறார் என்பதற்காக, அம்மாவின் அறிக்கையை அம்மா சம்மதிக்காமல் மகனுக்கு அனுப்பக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது.

நன்கொடைக்கு வருகிறேன். நான் வங்கியில் கடன் பகுதியில் இருந்தவன். சுனாமிக்குப் பிறகு வந்த திட்டங்கள் பலவற்றின் கணக்கு என் மேசைக்கு வந்தது. உதவி நின்ற மாதமே கதவைப் பூட்டியவை அதிகம். கட்டடமும் கணினியும் இருந்தன, உள்ளே வேலை செய்தவருக்குச் சம்பளம் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால் இந்தக் காசில் அளக்கும் கருவிகள், நல்ல கேமரா, கரண்ட் போனால் தாங்கும் பற்றரி வாங்குங்கள். மிச்சத்தை, அறுவடை வரும்வரை சந்தா பிந்தும் மாதங்களுக்கு என்று வங்கியில் போடுங்கள். நிறுவனத்திடம் இதற்கு முதலிலேயே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நாலாம் மாதத்துக்குள் சம்பளம் சந்தாவில் இருந்து வரவேண்டும். வராவிட்டால், ஊருக்கு அது தேவைப்படவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

பாமசியிடம் கமிஷன் வாங்காதீர்கள். வாங்கத் தொடங்கினால் தேவையில்லாத மருந்தும் துண்டில் ஏறும். டொக்டர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பாருங்கள். அப்புறம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று ஒருவர் வந்தால், கேமராவும் வேண்டாம், சந்தா கட்டினாரா என்ற கேள்வியும் வேண்டாம். உடனே 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.