கண்ணுக்கே தெரியாத இயந்திரத்தின் பாகங்களை யார் பூட்டுகிறார்கள்?

கைப்பேசிக்குள் இருக்கும் இந்தக் குட்டி இயந்திரங்களை ரோபோ வைத்துப் பூட்டுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். படிவம் ஐந்து (பதினோராம் வகுப்பு மாதிரி) மாணவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே ஒருவர் "அதெல்லாம் ஜப்பான்காரன் வேலை, நம்ம ஆளுக்கு எங்கே" என்று பதில் போட்டிருந்தார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால்மரம் சீவினார். நான் பக்கத்து ஊரான கூலிமில் ஒரு தொழிற்சாலையின் கிளீன் ரூமில் (தூசி புகாத அறையில்) வேலை பார்த்தேன். இன்ஜினியர் இல்லை, ஆபரேட்டர்தான். குறை பிடிக்க வருகிறவர்கள் இதை முதலிலேயே குறித்துக்கொள்ளவும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: யாரும் பூட்டுவதில்லை. கைப்பேசியைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதற்குக் காரணம் உள்ளே ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு சிலிக்கான் கட்டி. அதன் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி பற்கள், நடுவில் ஓரிரு மைக்ரான் இடைவெளி (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கட்டி அசைந்தால் இடைவெளி மாறும், மின்தேக்குத் திறனும் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் அளவும்) மாறும். அதை அளந்துதான் சாய்வைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பூட்டாமல் எப்படிச் செய்வது? வேஃபர் என்கிற மெல்லிய சிலிக்கான் வட்டத் தகட்டின் மேல் முதலில் ஆக்ஸைடு படலம், அதன் மேல் பாகமாகப் போகிற பாலிசிலிக்கான் (ஒருவகைச் சிலிக்கான்) படலம். ஒளிபட்டால் மாறும் ரெசிஸ்ட் என்ற பூச்சைத் தடவி, மாஸ்க் என்ற வடிவம் பதித்த தகட்டின் வழியாகப் புறஊதா ஒளி காட்டி, வேண்டாத பகுதியை அரித்துவிடுவார்கள். கடைசியில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் அடியிலுள்ள ஆக்ஸைடை மட்டும் கரைக்கும். மேலே இருப்பது அந்தரத்தில் நிற்கும், அசையும். காயவைக்கும்போதுதான் வம்பு. ஈரம் உலர்கையில் நீரின் இழுவிசையே பாகத்தைக் கீழே இழுத்து ஒட்டிவிடும். அதனால் சில இடங்களில் அமிலத்தை ஆவியாகவே விடுவார்கள்.

முடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான், அந்த இடைவெளியோ ஓரிரு மைக்ரான். அப்படியென்றால் ஒரு தூசி என்ன செய்யும், நீங்களே யோசியுங்கள். அதனால் உள்ளே போகிறவர்களுக்கு முகப் பவுடர் கூடாது, கண் மை கூடாது. தைப்பூசத்துக்கு மறுநாள் கதவருகே நிறுத்தி, நெற்றித் திருநீற்றைத் துடைக்கச் சொன்னார்கள். காதோரம் ஒட்டியிருந்ததைக்கூட ஈரத் துணியால் எடுத்தேன். மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் அவர்கள் சொன்னது சரி.

கஷ்டம் என்றதும் நினைவு வருகிறது. வேலை கஷ்டமில்லை, பாதைதான் கஷ்டம். செம்பனை லாரி ஓடி ஓடிச் சாலை குண்டும் குழியுமாகி, தொழிற்சாலை பஸ் தோட்டத்துக்குள் வராது. இரவு ஷிப்ட் முடிந்தால் முச்சந்தியில் இறங்கி நடக்கணும். தேர்தலுக்குத் தேர்தல் தார் போடுகிறார்கள், கோயில் வாசல் வரைக்கும். எங்கள் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கோயிலுக்கு அந்தப் பக்கம்.