அப்பாவின் போனில் 10,000 வேண்டாம்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 69. அம்மாவுடன் மதுரையில் இருக்கிறார்; நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். பல வருடங்களாகச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து, நடையை எண்ணும் ஆப் ஒன்றைப் போட்டு, தினமும் 10,000 ஸ்டெப்ஸ் என்று வைத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் நடந்தார். பிறகு முட்டி வலிக்கிறது என்று நிறுத்திவிட்டார். கேமராவில் விரலை வைத்தால் பிரஷர் காட்டும் ஆப் ஒன்றையும் அவராகவே இறக்கி வைத்திருக்கிறார். எந்த ஆப் போட்டால் ஒழுங்காக நடப்பார்?

பதில்: முதல் வேலையாக அந்த பிரஷர் ஆப்பை அழிக்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் ரத்தம் வந்துபோவதை வைத்து நாடித்துடிப்பை போன் கேமரா ஓரளவு சொல்லிவிடும். ரத்த அழுத்தத்தை அதை நம்பிப் பார்க்க முடியாது. அமெரிக்காவில் நன்றாக விற்ற இப்படிப்பட்ட ஆப் ஒன்றைச் சோதித்துப் பார்த்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2016-ல் வெளியானது. உயர் ரத்த அழுத்தத்தில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பேருக்கு அது அழுத்தம் உயரவில்லை என்றே காட்டியிருந்தது. ‘நார்மல்தானே’ என்று அப்பா ஒரு மாத்திரையைத் தள்ளிப்போட இது போதும். மேல்கையில் பட்டை சுற்றும் பிரஷர் மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். ஊசி குத்தாமலே சர்க்கரை பார்க்கும் வாட்ச், மோதிரம் என்று விளம்பரம் வந்தாலும் இதே பதில்தான். அவற்றை நம்ப வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

இனி நடை. புது ஆப் எதுவும் தேவையில்லை. சாம்சங் போன் என்றால் சாம்சங் ஹெல்த், ஐபோன் என்றால் அதிலேயே இருக்கும் ஹெல்த் போதும். காசு கட்ட வேண்டிய எதையும் போடாதீர்கள். அப்பாவை முடக்கியது அந்த 10,000. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965-ல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் மாட்டும் நடைமானியை விற்கப் பிடித்த எண் அது. மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்னதல்ல. சராசரி வயது 72 இருந்த 16,741 அமெரிக்கப் பெண்களைக் கவனித்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளிவந்தது. நாளுக்கு 2,700 ஸ்டெப்ஸ் அளவில் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022-ம் ஆண்டு அலசலும், 60 தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 வரை என்றே சொன்னது.

ஆகவே இலக்கை எடுத்துவிட்டு, ஒரு வாரம் அவர் எப்போதும்போல இருக்கட்டும். போன் மட்டும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். டிவி மேசையில் கிடக்கும் போன் எதையும் எண்ணாது. காலை இழுத்து மெதுவாக நடப்பவர்களுக்குக் குறைத்தும் எண்ணும். அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கோடு ஒப்பிடவே கூடாது. அப்பாவின் போன வாரத்தோடு அப்பாவின் இந்த வாரம், அவ்வளவுதான். சராசரி 2,200 வந்தால் இலக்கு 2,700. இரண்டு வாரம் அது சிரமமில்லாமல் போனால் இன்னொரு 500. ஒரே மூச்சில் 45 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பதினைந்து நிமிடம் நடப்பது அவருக்கு ஏற்றது. முட்டிக்கும் தாங்கும், சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையும் அடங்கும். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகம் அந்த அளவில் இருந்தால் போதும்.

ஆப் எண்ணாத ஒன்றும் இருக்கிறது, அதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முதியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது, இவ்வளவு போதும். முட்டியைத் தாங்குவது தொடைத் தசை என்பதால் வலி குறையவும் இதுவே நல்லது. போன் அலாரத்தில் ‘நாற்காலி’ என்று பெயர் எழுதி வைத்துவிடுங்கள். முட்டி வீங்கியிருந்தால் மட்டும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்கட்டும்.

உணவைப் பதிவுசெய்யும் ஆப்களை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு கரண்டி சாம்பாருக்கு எத்தனை கலோரி என்று 69 வயதில் யார் தேடிக்கொண்டிருப்பது?

நீங்கள் கேட்ட ‘ஒழுங்காக’ என்பதற்கு வருகிறேன். சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களிடம் நடத்திய சோதனை 2013-ல் வெளியானது. பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிச் சாதாரண எஸ்.எம்.எஸ். அவ்வப்போது போனது. இரண்டு ஆண்டில் அவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம். அவர்கள் உங்கள் அப்பாவைவிட இளையவர்கள் என்றாலும், ஆடம்பர ஆப் இல்லாமலே ஞாபகப்படுத்தல் வேலை செய்யும் என்பதற்கு இது சாட்சி. ஆப்பின் பதக்கம், பட்டாசுச் சத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஞாயிறு அன்று நீங்கள் போன் செய்யும்போது வாரக் கணக்கை அவரே சொல்லட்டும். குறைந்திருந்தால் திட்டாமல், என்ன ஆயிற்று என்று கேளுங்கள். வெயிலாக இருக்கலாம், தெருநாயாக இருக்கலாம், செருப்பாகவும் இருக்கலாம்.

இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் என்றால், நடை கூடும்போது சர்க்கரை தாழலாம். வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உட்கார்ந்து, மூன்று டீஸ்பூன் அளவு உடனே வாயில் போட வேண்டும். நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் நடையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, நடையை எண்ணும் ஆப் எஸ்.எம்.எஸ்., தொடர்பு எண்கள் பார்க்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். அவருடைய ஓ.டி.பி. எல்லாம் வருவது அந்த போனில்தான். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் லிங்க்கிலிருந்து எந்த ஆப்பும் வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.