அரக்குச் சேலை படத்தில் சிவப்பாவது ஏன்?

கேள்வி: எங்களுடையது பட்டுச்சேலைக் கடை. கேனான் கேமராவில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அரக்கு நிறம் படத்தில் சிவப்பாகத் தெரிவதால் சேலைகள் திரும்பி வருகின்றன. ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலப்படம்) எடுத்துத் திருத்தச் சொல்கிறார்கள். மாதச் சந்தா இல்லாமல் எந்த மென்பொருளை வாங்கலாம்?
- வாசகர், திருபுவனம்

பதில்: எதையும் வாங்க வேண்டாம். கேனானின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல் இலவசம். அதில் பிக்சர் ஸ்டைலை (படத்தின் நிறத்தோற்ற அமைப்பு) 'ஃபெய்த்ஃபுல்' என்று மாற்றுங்கள். 'ஸ்டாண்டர்ட்' கண்ணைப் பறிப்பதற்காக நிறத்தைக் கூட்டிக் காட்டும். 'ஃபெய்த்ஃபுல்' 5200 கெல்வின், அதாவது பகல் வெயில் போன்ற, வெளிச்சத்தில் பொருளின் நிறத்தை ஒட்டி வரும்படி அமைக்கப்பட்டது.

அதிலும் சரிவராவிட்டால் ராதெரபி என்ற மென்பொருள். இதுவும் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். படத்தைத் திறந்ததும் பிராசஸிங் புரொஃபைலை (திருத்தங்களின் தொகுப்பு) 'நியூட்ரல்' ஆக்குங்கள். இல்லையென்றால் அது கேமராவின் ஜேபெக் படத்தைப் போலவே தானாக டோன் கர்வ் (வெளிச்சம், நிழல் வேறுபாட்டை மாற்றும் வளைகோடு) போட்டுவிடும், பழைய சிவப்பு திரும்ப வந்து உட்காரும். பிறகு ஒயிட் பேலன்ஸில் (வெளிச்சத்தின் சாயலை நீக்கும் அமைப்பு) 'பிக்' எடுத்து, சேலையோடு சேர்த்துப் படமெடுத்த சாம்பல் அட்டையின் மேல் சொடுக்குங்கள். ஏ4 தாளோ நீலம் போட்ட வேட்டியோ அட்டைக்கு மாற்றாகாது. அவற்றின் வெண்மையில் நீலம் கலந்திருப்பதால் படம் மஞ்சளடிக்கும். கான்ட்ராஸ்ட் வேண்டுமானால் டோன் கர்வை 'பெர்செப்சுவல்' முறையில் வையுங்கள். 'ஸ்டாண்டர்ட்' கர்வ் நிறத்தையும் சேர்த்து ஏற்றிவிடும். கடைசியில் எஸ்ஆர்ஜிபி (ஃபோன், கணினித் திரைகளுக்கான பொதுவான நிற வரம்பு) புரொஃபைலில் ஜேபெக்காக எடுங்கள். அதைவிட அகன்ற நிற வரம்பான அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால் பல ஃபோன்களில் சேலை சோகை பிடித்துத் தெரியும்.

டார்க்டேபிளும் இலவசம்தான். 24 கட்ட நிற அட்டையைப் படமெடுத்து அதற்குள்ளேயே நிறத்தை அளந்து திருத்தலாம். ஆனால் கற்றுக்கொள்ள நாளாகும். கடை வேலைக்கு நடுவே அதில் இறங்கச் சொல்ல மாட்டோம்.

படமெடுக்கும்போதே கெட்டுப்போனதை எந்த மென்பொருளும் மீட்காது. அரக்கு, குங்குமச் சிவப்புச் சேலைகளில் படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களில் சிவப்புச் சேனல்தான் முதலில் நிரம்பி வழியும். வழிந்தபின் சிவப்பு ஏற இடமில்லை, பச்சை மட்டும் ஏறும், நிறம் ஆரஞ்சுப் பக்கம் சாயும். கேமராவில் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை (ஒவ்வொரு சேனலின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வைத்துக்கொண்டு, சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள். ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோப்பு இருந்தால் அந்தப் பச்சை சரிகையில் விழும். வெள்ளைத் திரை போடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தோடு டியூப்லைட்டைக் கலக்காதீர்கள். விளக்குதான் வேண்டுமென்றால் சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு, உச்சம் 100) 95க்கு மேல் உள்ள எல்இடி.

இவ்வளவும் செய்தாலும் அழுத்தமான வாடாமல்லி நிறம் எஸ்ஆர்ஜிபிக்குள் முழுதாக அடங்காது. அந்தச் சேலைக்கு மட்டும் 'நேரில் இதைவிட அடர்த்தி' என்று படத்தின் கீழே எழுதிவிடுங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் சரியாக இருக்கும் நிறம் ஃபோனில் மாறுகிறதே?
- வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் லேப்டாப் திரையை இரவில் மஞ்சளாக்கும் 'நைட் லைட்'டை அணையுங்கள். விலை குறைந்த லேப்டாப் திரைகள் பலவும் எஸ்ஆர்ஜிபியின் சிவப்பை முழுதாகக் காட்டாது. அதை நம்பிச் சிவப்பைக் கூட்டினால் ஃபோனில் மிகையாகிவிடும். ஃபோனிலும் 'விவிட்' திரையமைப்பை விட்டு 'நேச்சுரல்' போட்டு ஒப்பிடுங்கள். செலவு செய்யத் தயாரென்றால் நிறம் அளக்கும் கலரிமீட்டர் ஒன்று வாங்கலாம். அதோடு இணையும் டிஸ்பிளேகால் என்ற மென்பொருள் இலவசம். அதில் திரைக்கு இந்த அளவுகளை வையுங்கள்: வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா. விலை உயர்ந்த எடிட்டிங் மென்பொருளுக்குப் போகும் காசு இதற்குப் போகட்டும்.