பாக்கெட் மாவை விட்டா, வீட்டு மாவு புளிக்குதே!

கேள்வி: அக்கா, தினம் மாவு பாக்கெட், தயிர் கப்புன்னு குப்பைக்கூடை பூரா பிளாஸ்டிக்தான். சரி வீட்லயே அரைக்கலாம்னு பார்த்தா ராத்திரி வெச்ச மாவு விடியறதுக்குள்ள புளிச்சு பொங்கி வழியுது, என்ன பண்றது?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நம்மூர் மே மாச வெக்கைக்கு ராத்திரி பூரா வெளிய வெச்சா அப்படித்தான் ஆகும்மா, அஞ்சாறு மணி நேரமே தாராளம். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம், மிக்ஸின்னா ஐஸ் தண்ணி ஊத்தி அரைங்க, மாவு சூடானா சீக்கிரம் புளிச்சிடும். சாயங்காலம் அரைச்சு, பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தாம வெச்சுட்டு படுக்கப்போறப்போ மூடியைத் திறந்து பாருங்க, ஓரமெல்லாம் குமிழி விட்டு, கரண்டி போட்டா பொசபொசன்னு இறங்குச்சுன்னா உடனே ஃபிரிட்ஜ்ல தூக்கி வெச்சிடுங்க. அப்படியும் புளிச்சா வெங்காயம் போட்டு பணியாரம் (எங்க வீட்ல இதுக்காகவே புளிக்க விடுவாங்க!).

தயிருக்கு வெதுவெதுப்பான பால், ஒரு ஸ்பூன் உறைமோர், அவ்ளோதான். 2019 ஜனவரி 1-ல வந்த தமிழ்நாடு பிளாஸ்டிக் தடையில பால், தயிர் பாக்கெட்டுக்கு விலக்கு குடுத்துட்டாங்க, அதனால கறவைப் பால்காரர் இருந்தா தூக்குச்சட்டியில வாங்கிக்கோங்க. அரிசி உளுந்துக்கு திருப்பாப்புலியூர் கடைகளுக்கு மஞ்சப்பையோட போய் சில்லறையா நிறுத்துத் தரச் சொல்லுங்க.