ஒரு கப் மைதா எத்தனை கிராம்? கேக் அளவுகள்: கேள்வி பதில்

அக்கா, என் கப் 250 மி.லி. அதனால் ஒரு கப் மைதா என்றால் 250 கிராம் என்று நினைத்து நிறுத்துப் போட்டேன். கேக் செங்கல் மாதிரி வந்தது. ஏன்?

அந்தக் கணக்கு தண்ணீருக்குத்தான் சரிவரும். மைதாவை ஸ்பூனால் அள்ளிக் கப்பில் போட்டு, கத்தியால் தலைதட்டினால் 125 முதல் 130 கிராம்தான் இருக்கும். நீங்கள் போட்டது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

அதே கப்பை டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 150 வரைகூடப் போகும். சலித்த பிறகு அளந்தால் குறையும். சர்க்கரை இப்படி ஆளை ஏமாற்றாது, எப்படி அள்ளினாலும் பெரிய வித்தியாசம் வராது. என் முதல் இருபது கேக்கில் பாதி கெட்டதற்கு மைதாவை அள்ளிய விதம்தான் காரணம். அடுப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

240 மி.லி. கப்புக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: மைதா 125 கிராம், சர்க்கரை 200, கோகோ பவுடர் 85 முதல் 100, வெண்ணெய் 227, தேன் 340.

கடையில் 240 மி.லி. கப்பும் இருக்கிறது, 250-உம் இருக்கிறது. எதை வாங்குவது மேடம்?

எதையாவது வாங்குங்கள். அமெரிக்கக் குறிப்புகளில் கப் சுமார் 240, ஆஸ்திரேலியக் குறிப்புகளில் 250. எல்லாப் பொருளையும் ஒரே கப்பில் அளந்தால் விகிதம் மாறாது. முட்டை மட்டும் கப்புக்குத் தகுந்தபடி பெரிதாகாது, ஆனால் இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் அது தெரியாது. ஆஸ்திரேலியக் குறிப்பில் டேபிள்ஸ்பூன் 20 மி.லி., நம் செட்டில் 15. அதைக் கவனியுங்கள்.

ரைஸ் குக்கரோடு வந்த கப்பில் அளக்கலாமா?

அது பெரும்பாலும் 180 மி.லி., அதாவது முக்கால் கப். முட்டை இல்லாத கேக் என்றால் எல்லாவற்றையும் அதிலேயே அளந்து சின்ன கேக்காகச் செய்துவிடலாம். முட்டை சேர்க்கும் கேக்குக்கு வேண்டாம்.

அரை கப் எண்ணெய் என்றால் 120 கிராமா?

இல்லை, 110 கிராம். வீட்டில் இருக்கும் ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 910 கிராம் என்று போட்டிருக்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு.

அமெரிக்கக் குறிப்பில் 'ஒரு ஸ்டிக் வெண்ணெய்' என்று வருகிறதே?

113 கிராம், அதாவது அரை கப். நம் ஊர் 100 கிராம் பாக்கெட் ஒன்றோடு இன்னும் ஒரு டேபிள்ஸ்பூன் சேருங்கள். வெண்ணெயைக் கப்பில் திணித்து அளக்காதீர்கள், நடுவில் காற்று நிற்கும். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் குறிப்பில் உள்ள உப்பை விட்டுவிடுங்கள்.

புதுத் தராசு வாங்கினேன். அரை டீஸ்பூன் சோடா போட்டால் சிலசமயம் 0 காட்டுகிறது. திருப்பிக் கொடுத்துவிடவா?

வேண்டாம், தராசு நன்றாகத்தான் இருக்கும். அரை டீஸ்பூன் ஆப்ப சோடா 3 கிராம்கூட வராது. 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசுக்கு அது பிடிபடாது. சோடா, பேக்கிங் பவுடர், ஈஸ்ட், உப்பு எல்லாவற்றையும் டீஸ்பூனிலேயே தலைதட்டி அளங்கள். மைதாவுக்குத் தராசு, சோடாவுக்கு ஸ்பூன். நானும் அப்படித்தான்.