ரூல்புக் இல்லாமல் ஒற்றை ஆட்டம்: வாசகர் கேள்விகள்

போன இதழில் தனியாக ஆடும் ரோல்பிளே விளையாட்டைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நாமே ஒரு ஆளாக மாறிக்கொண்டு, அந்த ஆளுக்கு அடுத்து என்ன நடக்கிறது என்று ஆடிப் பார்க்கிற கதை விளையாட்டு. கடிதங்கள் நிறைய வந்துவிட்டன, பாதிக்கு மேல் நம் ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து. அதனால் இந்த முறை முழுக்க அதுதான்.

அக்கா, நான் விசைப்படகில் வேலை பார்க்கிறேன். தடைக்காலம் 61 நாளும் வீட்டில்தான். வீடியோ பார்த்து ஆசை வந்து ஒரு ரூல்புக்கை போனில் இறக்கினேன். கேரக்டரை உருவாக்கவே ஒரு வாரம் ஆனது, அப்புறம் தொடவே இல்லை. விதி எதுவும் இல்லாமல் மனம் போனபடி ஆடினால் அது விளையாட்டா, வெறும் பகல் கனவா?
(வாசகர், மண்டபம்)

விளையாட்டுதான் தம்பி, சந்தேகமே வேண்டாம். விதி எதற்காக வந்தது என்று பாருங்கள். சின்ன வயதில் ஓடிப் பிடித்து ஆடும்போது "தொட்டுட்டேன்", "தொடவே இல்லை" என்று சண்டை வருமே, அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற ரோல்பிளே விளையாட்டைக் கொண்டுவந்தபோது, அது மேசையைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. நாலு பேர் கூடினால் என் வாள் பட்டதா படவில்லையா என்று யாராவது சொல்லியாக வேண்டும், அதற்கு டைஸும் (பகடை) அட்டவணையும் தேவைப்பட்டன. நீங்கள் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களோடு சண்டை போட யாரும் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். பழைய ஜெர்மன் நாடான பிரஷ்யாவில் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க 1824-இலேயே ஒரு போர் விளையாட்டு வந்துவிட்டது, எதற்கெடுத்தாலும் டைஸும் அட்டவணையும். ஐம்பது வருஷம் கழித்து, 1876-இல், வெர்டி டு வெர்னுவா என்கிற அதிகாரி அந்த அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, போரைத் தெரிந்த நடுவர் தன் அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் போதும் என்று எழுதினார். உங்களுக்கு வேண்டியது இதுதான். நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் எந்தப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும்? வாடை அடிக்கும்போது வடகடல் எப்படிக் கிடக்கும், கச்சானில் தென்கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்பது உங்களுக்கு அத்துப்படி. அந்த அறிவுதான் உங்கள் ரூல்புக்.

பகல் கனவுக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. கனவில் பிடிக்காத இடம் வந்தால் அழித்துவிட்டுத் திரும்ப ஆரம்பிப்போம். விளையாட்டில் வலை அறுந்தது என்று ஒருமுறை ஆகிவிட்டால் அறுந்ததுதான், அறுந்த வலையோடு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். இதை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பிக்க ஒரு ஆள், ஓர் இடம், இன்று பொழுது சாய்வதற்குள் அந்த ஆளுக்கு முடிய வேண்டிய ஒரு காரியம், இவ்வளவு போதும். பேரும் வயதும்கூட ஆடும்போது தானாக வந்து சேரும்.

நான் ஒரு மாதமாக ஆடிப் பார்க்கிறேன். எல்லாம் நான் நினைத்தபடியே நடப்பதால் சலிக்கிறது. டைஸ் வாங்கித்தான் ஆகணுமா?
(வாசகி, கீழக்கரை)

வாங்க வேண்டாம். ஆனால் நீங்கள் கண்டுபிடித்த குறை உண்மையான குறை, விதி இல்லாமல் ஆடுகிற எல்லோரும் ஒருநாள் வந்து முட்டுகிற சுவர் அது. விதி வேண்டாம், ஆனால் நம் கையில் இல்லாத ஏதோ ஒன்று அவ்வப்போது உள்ளே வர வேண்டும். மேல்நாட்டில் தனியாக ஆடுகிறவர்கள் இதை ஆரக்கிள் என்கிறார்கள், ஆமாவா இல்லையா என்று கேட்டு டைஸை உருட்டி பதில் வாங்குவது.

நம் ஆட்கள் இதைக் காலங்காலமாகச் செய்துவந்திருக்கிறார்கள். முல்லைப்பாட்டில் வயதான பெண்கள் நெல்லையும் பூவையும் தூவிவிட்டு ஊரோரம் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள், போருக்குப் போனவன் வருவானா என்று தெரிந்துகொள்ள. அங்கே ஓர் ஆயர் பெண், தாயைக் காணாமல் தவிக்கிற கன்றிடம் உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்று சொல்கிறாள். அவள் கன்றுக்குச் சொன்னது, இவர்களுக்குப் பதிலாகிவிட்டது. விரிச்சி கேட்பது என்று இதற்குப் பெயர். இன்னொன்று கூடல் இழைப்பது, கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் வரைந்து இரண்டு முனையும் சேர்ந்தால் ஆமாம், சேராவிட்டால் இல்லை. ஆண்டாள் பாடியிருக்கிறாளே, அதுதான். கடற்கரையில் இருக்கிற உங்களுக்கு மணலுக்கா பஞ்சம்?

நான் ஆடியதையே சொல்கிறேன். என் ஆள் சங்கு குளிக்கிறவர், பழைய காலம், இடுப்பில் கயிறு, மேலே வள்ளத்தில் அவருடைய மச்சான். கயிற்றை மச்சான் கையில்தான் கொடுக்க வேண்டும், தங்கச்சி தாலி அவனுக்கு முக்கியம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஆனால் என் கதையில் அன்று காலையில்தான் இருவருக்கும் பங்குப் பணத்தில் பெரிய தகராறு. அவர் கீழே போய், சங்கு கையில் சிக்கி, மூச்சு முட்டுகிற நேரத்தில் கயிற்றை அசைக்கிறார். மச்சான் இழுப்பானா? எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அடுத்து காதில் விழுகிற பேச்சுதான் பதில் என்று முடிவுசெய்து கொல்லைப்புறம் போய் நின்றேன். பக்கத்து வீட்டில் மகளிடம் ஒரு குரல்: "இன்னும் வேகலடி, மூடி வை."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இன்னும் இல்லை, மூடி வை. அப்படியானால் மச்சான் கயிற்றைப் பார்க்கிறான், அசைவது தெரிகிறது, கையை மூடிக்கொண்டு சும்மா இருக்கிறான், இரண்டு நொடி, மூன்று நொடி, அப்புறம் இழுக்கிறான். மேலே வந்தவருக்கும் அந்த மூன்று நொடி தெரியும், இழுத்தவனுக்கும் தெரியும். அதை வைத்தே அடுத்த இருபது நாள் ஆடினேன். உட்கார்ந்து யோசித்திருந்தால் இழுத்தான் அல்லது இழுக்கவில்லை என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் தோன்றியிருக்காது.

ஒரு எச்சரிக்கை. பதில் உங்களுக்கே தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். கருவேலங்காட்டில் செருப்பில்லாமல் ஓடினால் முள் குத்துமா என்று மணலில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தால் ஆட்டம் செத்துவிடும். இரண்டில் எதுவும் நடக்கலாம், எது நடந்தாலும் கதை வேறு பக்கம் திரும்பும் என்கிற இடத்தில் மட்டும் கேளுங்கள். ஒரு பொழுதுக்கு மூன்று கேள்விக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

எழுதி வைத்தே ஆகணுமா? எனக்கு எழுத்து வராது.
(வாசகர், தொண்டி)

வேண்டாம். வாயால் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள், அல்லது நடந்துகொண்டே மனதில் ஆடிவிட்டு, படுக்கும் முன் "வலை அறுந்தது, மச்சானோடு பேச்சில்லை" என்று இரண்டு வரி மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நடந்தது மாறாமல் இருக்கத்தான் அந்த இரண்டு வரி.

என் மகளுக்கு பத்து வயது. கிணற்றடியில் உட்கார்ந்து தானே ராணி, தானே திருடன் என்று மணிக்கணக்கில் பேசி ஆடுகிறாள். சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். தடுக்கட்டுமா?
(ஒரு தாய், தேவிபட்டினம்)

தடுக்காதீர்கள் அம்மா. பல்லாங்குழியில் ஒருத்தியே ஆடுகிற வகைக்கு சீதைப் பாண்டி என்று பெயர், அசோக வனத்தில் சீதை தனியாக ஆடினாள் என்று சொல்லி நம் பாட்டிமார் வைத்த பெயர். தனியாக ஆடுவதை அவர்கள் கேவலமாக நினைத்திருந்தால் சீதை பெயரை வைத்திருப்பார்களா? இங்கிலாந்தில் பிராண்டே (Brontë) குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1826-இல் அப்பா ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். அதிலிருந்து நாடு நாடாகக் கற்பனை செய்து ஆடினார்கள், விதிப் புத்தகம் ஏதுமில்லை. 1845-இல், 26 வயதில், அவர்களில் ஒருவரான எமிலி, தன் தங்கை ஆன் (Anne) கூட யார்க் நகருக்குப் போன பயணத்திலும் தாங்கள் உண்டாக்கிய கோண்டால் நாட்டு ஆட்களாகவே இருந்ததாகக் குறித்து வைத்திருக்கிறார். பின்னாளில் அந்தச் சகோதரிகள் பெரிய நாவலாசிரியர்கள் ஆனது வேறு கதை, உங்கள் மகள் எழுத்தாளர் ஆகவேண்டும் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவள் இப்போது சந்தோஷமாக இருக்கிறாள், அது போதும். சாப்பிட வருகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், தோழிகளோடும் சேருகிறாள் என்றால் கிணற்றடியில் அவளை விடுங்கள். கிணற்றுக்கு மட்டும் மூடி போட்டுவிடுங்கள்.

என் தாத்தா தனுஷ்கோடியில் இருந்தவர். 1964 புயலை வைத்து ஆட ஆசை, ஆனால் பாவம் செய்கிறேனோ என்று பயம். விதியும் இல்லாததால் எது வரை போகலாம் என்று தெரியவில்லை.
(வாசகி, ராமேஸ்வரம்)

இந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். ஆடுங்கள் தங்கச்சி, ஆனால் டிசம்பர் 22 ராத்திரியில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு மாதம் முன்னால் போங்கள். போட் மெயில் வந்து நிற்கிற ஸ்டேஷன், தலைமன்னாருக்குக் கப்பல் ஏறப்போகிற கூட்டம், சுங்கக்காரர், தபாலாபீஸ், மாதா கோவில், கருவாடு காய்கிற வாசனை. அந்த ஊர் முதலில் உயிரோடு இருக்கட்டும். உங்கள் ஆள் உறவினராக வேண்டாம், நீங்களே உண்டாக்கிய ஒருத்தியாக இருக்கட்டும், டீக்கடைக்குத் தண்ணீர் சுமக்கிறவளாகக்கூட.

உங்கள் ஆட்டத்துக்கு நான் ஒரே ஓர் எல்லை போடுவேன்: நடந்ததை மாற்றாதீர்கள். பாம்பனிலிருந்து கிளம்பி, அன்று ராத்திரி கடல் விழுங்கிய அந்தப் பாசஞ்சர் ரயில் பாதி வழியில் நின்று பிழைத்துக்கொண்டது என்று வைத்தால், அதில் போனவர்களை இன்னொரு தடவை இல்லாமல் ஆக்குகிறோம் என்று எனக்குப் படுகிறது. கடல் வரும், ரயில் போகும். தண்ணீர் சுமக்கிறவள் யார் வீட்டுக் கதவைத் தட்டினாள், எதை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் ஓடினாள் என்பதெல்லாம் உங்கள் கையில், அங்கே எவ்வளவு சுதந்திரம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அழுகை வந்தால் நிறுத்திவிட்டு, இடிந்து நிற்கிற அந்த மாதா கோவில் வரைக்கும் ஒருநாள் பஸ்ஸில் போய்வாருங்கள். தாத்தாவின் கூட்டாளிகள் யாராவது இருந்தால் அவர்களிடம், டீக்கடைக்குத் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வந்தது என்று கேளுங்கள். புயலைப் பற்றிக் கேட்டால் பேசாதவர்கள்கூட இதற்குப் பதில் சொல்வார்கள்.