டீச்சரிடம் கேளுங்கள்: படத்தைப் பார்ப்பதா, பிள்ளையைப் பார்ப்பதா?

(குமுளிப் பக்கம் பல ஆண்டுகள் அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஞாயிறுதோறும் தாய்மார்களைக் கூட்டிக் குழந்தை வளர்ப்பு பற்றிப் பேசுகிறேன். படம் போட்ட அட்டைகளும் காட்டுகிறேன். தலையாட்டுகிறார்கள். ஆனால் அடுத்த வாரம் போனால் ஒன்றும் மாறவில்லை. படிப்பில்லாதவர்களுக்குப் புரிய வைப்பது எப்படி?
– வாசகி, வண்டன்மேடு

முதலில் அந்தப் 'படிப்பில்லாதவர்கள்' என்ற சொல்லைக் கீழே வைத்துவிடு தங்கச்சி. வாரம் முழுக்கக் காய் எடுத்துவிட்டு, துணி துவைக்கவும் சந்தைக்குப் போகவும் கிடைக்கிற ஒரே நாளில் உன் முன்னால் வந்து உட்காருகிறார்களே, அதுவே பெரிய மரியாதை. இன்னொன்றும் யோசித்துப் பார். திங்கள் முதல் சனி வரை பிள்ளை யார் இடுப்பில் இருக்கிறது? அம்மாச்சி இடுப்பில். இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்ட அக்காக்காரி இடுப்பில். அவர்களில் ஒருவராவது உன் கூட்டத்துக்கு வந்தார்களா?

நானும் அட்டை தூக்கியவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லயத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். பேரனை மடியில் வைத்திருந்த அம்மாச்சி ஒருவர், "டீச்சர், நீங்க படத்தையே பார்த்துப் பேசுறீங்க. இந்தப் பய உங்களைப் பார்த்துச் சிரிச்சு எம்புட்டு நேரமாச்சு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துபோனது.

மறுநாள் அட்டை இல்லாமல் அவர் வீட்டுக்குப் போனேன். காலை நீட்டி, அதில் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அது 'ங்கா' என்றால் இவரும் 'ங்கா' என்பார். அது முகம் சுளித்தால் கை நின்றுவிடும். குழந்தை காட்டுகிற குறிப்பைக் கவனித்து அதற்குப் பதில் கொடுப்பதை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் சேர்ந்து 2018-இல் குழந்தை வளர்ப்புக்கான ஐந்து தேவைகளில் ஒன்றாக வைத்தன. மற்றவை உடல்நலம், சத்துணவு, பாதுகாப்பு, சின்ன வயதிலேயே கற்க வாய்ப்பு. அந்த ஒன்றை எனக்கே கற்றுக் கொடுத்தவர் அந்த அம்மாச்சி. அவர் செய்ததில் தப்பு ஒன்றே ஒன்றுதான். குளிப்பாட்டி முடித்ததும் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவார். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். நல்லதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு இதைச் சொன்னேன், விட்டுவிட்டார். முதல் பேச்சே அதுவாக இருந்தால் விட்டிருக்க மாட்டார்.

ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1986-87இல், வயதுக்கேற்ற உயரமில்லாத ஏழைக் குழந்தைகள் 129 பேரைச் சேர்த்து சாலி கிரான்தம்-மெக்ரிகர் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அதில் ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு உள்ளூர் சுகாதார உதவியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் போனார்கள். அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்து விளையாடிக் காட்டுவார்கள். கையால் செய்த பொம்மையை விட்டுவிட்டு வந்து அடுத்த வாரம் மாற்றுவார்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம். இத்தனைக்கும் அங்கே நடந்தது கூட்டமோ சொற்பொழிவோ இல்லை.

அதனால் கூட்டத்தை மாதம் ஒன்றாகக் குறைத்துவிட்டு வீடு வீடாகப் போ. போனதும் வாயைத் திறக்காதே, கொஞ்ச நேரம் பார். "இப்ப புதுசா என்ன செய்யுறான்?" என்று கேள். ஒரு விளையாட்டுக் காட்டிக் கொடுத்தால் போதும். பாட்டிலில் புளியங்கொட்டை போட்டால் நல்ல கிலுகிலுப்பை. ஆனால் மூடியை இறுக ஒட்டிவிட்டுக் கொடு, கொட்டை தொண்டையில் சிக்கினால் வம்பு. காசு கொடுத்து வாங்கிய பொம்மையைக் கொண்டுபோகாதே. நீ போனதும் அதைப் பரணில் பத்திரமாக எடுத்து வைத்துவிடுவார்கள்.

பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கவேண்டும் என்கிறார் மாமியார். மறுத்தால் வீட்டில் சண்டை.
– வாசகி, கூடலூர் (தேனி மாவட்டம்)

ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து உடம்பையே தளரவைத்துவிடும். அபூர்வம்தான், வந்தால் ஆபத்து. மாமியாரோடு மல்லுக்கு நிற்காதே. கையைச் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லி, சுத்தமான சங்கில் உன் சீம்பால் இரண்டு சொட்டை அவர் கையாலேயே ஊட்டச் சொல். மூன்று வீடுகளில் சொல்லிப் பார்த்தேன், இரண்டில் பலித்தது.

எனக்கு நாலு மாதக் கைக்குழந்தை. விடிகாலை 5 மணி ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு மலையேறினால் சாயங்காலம்தான் திரும்புகிறேன். அம்மா பார்த்துக்கொள்கிறார். புட்டியில் பவுடர் பால் கொடுக்கலாமா?
– வாசகி, கம்பம்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனசு கனத்துப் போச்சு தாயி. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று நாங்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அன்றாடக் கூலிக்குப் போகிறவளுக்குச் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு யார் தருகிறார்கள்?

ஆனாலும் முடியும். கிளம்பும் முன் ஒரு தடவை நன்றாகப் பால் கொடு. பிறகு கை கழுவி, கொதிக்க வைத்து ஆறின எவர்சில்வர் டம்ளரில் பாலைப் பீய்ச்சி மூடி வை. நிழலில் நாலு மணி நேரம் தாங்கும். பக்கத்து வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தால் ஒரு நாள் வைக்கலாம். அம்மாவைச் சங்கிலோ பாலாடையிலோ ஊட்டச் சொல். புட்டி வேண்டாம், அதன் ரப்பரில் அழுக்கு ஒளிந்துகொள்ளும். தோட்டத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் பீய்ச்சிவிடு, இல்லாவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும். ராத்திரி கேட்கும்போதெல்லாம் கொடு. இவ்வளவு செய்தும் போதாமல் பவுடர்தான் என்றாகிவிட்டால், டின்னில் போட்ட அளவு குறையக் கூடாது. நாலு நாள் கூட வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்கிய வீடுகளில் பிள்ளைகள் வற்றிப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஏலச்செடிக்கு அடிக்கடி பூச்சிமருந்து அடிப்பார்கள். வந்ததும் பிள்ளையைத் தூக்காமல், கை, கழுத்து, மார்பெல்லாம் சோப்பு போட்டுக் கழுவிச் சேலையை மாற்று. அடுத்தது பால்தான், அடுப்பு இல்லை. சோறு அரை மணி நேரம் தாமதமானால் உன் வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வார். பொறுக்காவிட்டால் உலை வைக்கட்டும்.